கணினி தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்துவது எப்படி: குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் வழி

கேள்வி: தரவைச் சேமிக்கும்போதும் அனுப்பும்போதும் நேரும் பிழைகளைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படித் திருத்துகிறது என்பதை ஒன்பது முதல் பதிமூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். இரும எண்களிலிருந்து தொடங்குவதா? கணினியே இல்லாமல் நடத்த முடியுமா?

பதில்:

இரும எண்களிலிருந்து தொடங்க வேண்டாம். பதின்ம எண்ணை இரும எண்ணாக மாற்றும் கணக்கிலேயே ஒரு வகுப்பு முழுவதும் கரைந்துவிடும். பிழை திருத்தம் என்ற சுவையான பகுதி வருவதற்குள் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். இந்தப் பாடத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை இரண்டுதான். கணினிக்குள் இருக்கும் எல்லாமே, எழுத்தானாலும் படமானாலும் பாட்டானாலும், இரண்டு நிலைகளில் ஏதோ ஒன்றில் இருக்கும் சின்னஞ்சிறு துணுக்குகள். அவற்றில் ஒன்று கெட்டுப்போனால் அது மற்ற நிலைக்கு மாறிவிடும், அவ்வளவே. துணுக்கின் பெயர் பிட். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமாக நாற்பது அட்டைகளை வெட்டி வைத்துக்கொண்டால் கணினி தேவையில்லை. ஒற்றைப்படை, இரட்டைப்படை தெரிந்த குழந்தை இந்தப் பாடத்துக்குத் தயார்.

முதலில் பிழை என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிவிடுங்கள். கணினி பிழை திருத்துகிறது என்றதும் குழந்தைகள் நினைப்பது, தட்டச்சு செய்யும்போது சிவப்புக் கோடு போட்டு எழுத்துப்பிழையைக் காட்டுவதைத்தான். நாம் பேசுவது அதைப் பற்றியல்ல. நீங்கள் ஒரு பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்தால், அந்தத் தவறான பெயரை ஒரு புள்ளி மாறாமல் காப்பாற்றுவதுதான் இந்த முறைகளின் வேலை. வைத்தது வைத்தபடி இருக்கிறதா, அனுப்பியது அனுப்பியபடி வந்து சேர்ந்ததா என்பது மட்டுமே இங்கே கேள்வி.

வைத்தது ஏன் மாறுகிறது? கம்பியில் மின் இரைச்சல், வானொலி அலையில் குறுக்கீடு, வட்டில் கீறல், நினைவகத்தின் மீது விண்வெளியிலிருந்து வந்து மோதும் துகள் என்று காரணங்கள் பல. குழந்தைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது. 2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் தேர்தல் நடந்தது. பிரஸ்ஸல்ஸ் பகுதியிலுள்ள ஸ்கார்பேக் என்ற ஊரில் மின்னணு முறையில் வாக்குகளை எண்ணியபோது ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாகக் காட்டின. அவர் பெற்றிருக்கக்கூடிய வாக்குகளைவிட எண்ணிக்கை அதிகமாக இருந்ததால்தான் சந்தேகமே வந்தது. மறுபடி எண்ணிப் பார்த்தபோது கூடுதல் சரியாக 4,096 என்று தெரிந்தது. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும், விண்வெளிக் கதிர் காரணமாக இருக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். ஏன் 4,096, ஏன் 4,000 இல்லை என்று குழந்தைகளைக் கேளுங்கள். ஒன்றை இரட்டித்துக்கொண்டே போகச் சொன்னால், 2, 4, 8 என்று போய்ப் பன்னிரண்டாவது இரட்டிப்பில் அந்த எண் வந்து நிற்கும். இரும எண்களை இந்த அளவுக்குத் தொட்டால் போதும்.

அடுத்து, பலகையில் இரண்டு வரிகள் எழுதுங்கள். ஒன்று: “நாளை கா_ையில் மழை பெய்_ும்.” இன்னொன்று, நடுவில் ஓர் இலக்கம் அழிந்துபோன ஒரு நீண்ட எண். முதல் வரியை யாரும் தடுமாறாமல் படித்துவிடுவார்கள். இரண்டாவதை எவராலும் நிரப்ப முடியாது. ஏன் என்று அவர்களே யோசிக்கட்டும். மொழியில் தேவைக்கு அதிகமாகவே எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று போனாலும் அக்கம்பக்கத்து எழுத்துகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணிலோ ஒவ்வோர் இலக்கமும் தனித்து நிற்கிறது. அப்படியானால் எண்ணுக்கும் அந்த உதிரித் துணையைச் செயற்கையாகச் சேர்த்துவிட்டால் என்ன? பிழை திருத்தக் கலை முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. எவ்வளவு சேர்ப்பது, எங்கே சேர்ப்பது என்பதில்தான் திறமை.

‘மூன்று முறை அனுப்பிவிடலாமே’ என்று யாராவது ஒரு குழந்தை சொல்லும். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். நல்ல யோசனைதான். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே சரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 25 அட்டைகளைக் காப்பாற்ற இன்னும் 50 அட்டைகள் செலவாகின்றன. இதைவிட மலிவாக முடியுமா என்ற கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு வித்தைக்குப் போங்கள்.

உலகெங்கும் ஆசிரியர்கள் காட்டும் வித்தைதான் இது. 25 அட்டைகளைக் கொடுத்து, ஐந்துக்கு ஐந்தாக, கறுப்பும் வெள்ளையும் விருப்பம்போல் கலந்து பரப்பச் சொல்லுங்கள். பரப்பி முடித்ததும், ‘இது மிகவும் எளிதாக இருக்கிறதே, கொஞ்சம் கடினமாக்குகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கம் ஒரு நிரலையும் கீழே ஒரு வரிசையையும் நீங்கள் சேர்த்துவிடுங்கள். யோசிப்பதுபோல் தெரியக்கூடாது. ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் கறுப்பு அட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி வைக்க வேண்டும். பிறகு திரும்பி நின்றுகொள்ளுங்கள். ஒரு குழந்தை வந்து 36 அட்டைகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் புரட்டட்டும். நீங்கள் திரும்பிப் பார்த்து, கறுப்பு ஒற்றைப்படையாகிவிட்ட வரிசையையும் நிரலையும் கண்டுபிடித்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் புரட்டிய அட்டை இருக்கும்.

இரகசியத்தை உடனே சொல்லிவிடுவது இந்தப் பாடத்தைக் கொன்றுவிடுவதற்குச் சமம். திரும்பத் திரும்பச் செய்து காட்டுங்கள். மனப்பாடம் என்பார்கள்; அட்டையில் அடையாளம் இருக்கிறது என்பார்கள்; நண்பன் கண்ணைக் காட்டுகிறான் என்பார்கள். ஒவ்வொரு சந்தேகத்தையும் சோதித்துப் பார்க்க விடுங்கள். கடைசியில் யாராவது ஒரு குழந்தை, ‘நீங்கள் சேர்த்த அட்டைகள் எதற்கு?’ என்று கேட்கும். அதுதான் நீங்கள் காத்திருந்த கேள்வி. அந்தக் கூடுதல் வரிசையும் நிரலும் இல்லாமல் செய்து காட்டுமாறு அவர்களே கேட்டால் இன்னும் நல்லது. உங்களால் முடியாது என்று அவர்கள் கண்முன்னே தெரிந்துபோகும்.

நடைமுறையில் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பே இல்லாத வரிசை வந்தால் சண்டை வரும். பூஜ்யம் இரட்டைப்படையா என்று கேட்பார்கள். ஆம், இரண்டிரண்டாகப் பிரித்தால் எதுவும் தனியாக மிஞ்சவில்லை, ஆகவே இரட்டைப்படை. எண்ணத் தடுமாறும் சின்னக் குழந்தைகளுக்கும் அதே வழிதான்: கறுப்புகளை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள், தனியாக ஒன்று நின்றால் ஒற்றைப்படை. இன்னொன்று, வலது கீழ் மூலையிலுள்ள அட்டை வரிசைக்கும் நிரலுக்கும் பொதுவானது. வரிசைக் கணக்கு ஒரு நிறத்தையும் நிரல் கணக்கு வேறு நிறத்தையும் கேட்டால் என்ன செய்வது? ஒருபோதும் அப்படி நேராது. இரண்டு கணக்குமே 25 அட்டைகளிலுள்ள மொத்தக் கறுப்புகளைத்தான் வேறு வேறு வழியில் எண்ணுகின்றன. பெரிய பிள்ளைகளுக்கு இதை நிறுவிக் காட்டும் வேலையைக் கொடுக்கலாம். விதியை ஒற்றைப்படைக்கு மாற்றி, அட்டைகளையும் ஐந்துக்கு நான்காக வைத்துப் பார்க்கச் சொன்னால் மூலை மக்கர் பண்ணும். ஏன் என்று கண்டுபிடிப்பது நல்ல புதிர்.

இந்த முறைக்குப் பாரிட்டி என்று பெயர். பெயரை இங்கே சொன்னால் போதும், முன்னால் வேண்டாம்.

பல ஆசிரியர்கள் இத்துடன் கைதட்டல் வாங்கிக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாடமே இனிமேல்தான். வித்தையை உடைக்கும்படி குழந்தைகளிடம் சொல்லுங்கள். இரண்டு அட்டைகளைப் புரட்டினால்? ஒரே வரிசையில் இரண்டு புரண்டால் அந்த வரிசை மீண்டும் இரட்டைப்படையாகிவிடும். இரண்டு நிரல்கள் மட்டும் தவறு என்று கத்தும். ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. வேறு வேறு வரிசை, வேறு வேறு நிரலில் புரண்டால் இரண்டு வரிசைகளும் இரண்டு நிரல்களும் தவறும். சந்திக்கும் இடங்கள் நான்கு, குற்றவாளிகள் இரண்டு, எந்த இரண்டு என்று சொல்ல முடியாது. கண்டுபிடிப்பது வேறு, திருத்துவது வேறு என்பது இங்கே தானாகப் புரிந்துவிடும்.

நான்கு அட்டைகளை ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளாகப் பார்த்துப் புரட்டினால் எல்லா வரிசையும் எல்லா நிரலும் இரட்டைப்படையாகவே இருக்கும். பிழையே தெரியாது. இதைத் தாமாகக் கண்டுபிடிக்கும் குழந்தையின் முகத்தில் தெரியும் வெற்றிக்களிப்பு வித்தை பார்த்ததில் வருவதைவிடப் பெரிது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மூன்று. அதே செவ்வகத்தின் மூன்று மூலைகளை மட்டும் புரட்டச் சொல்லுங்கள். இப்போது ஒரே ஒரு வரிசையும் ஒரே ஒரு நிரலும் ஒற்றைப்படையாகும். பார்த்தால் ஒற்றைப் பிழைபோலவே இருக்கும். நீங்கள் முழு நம்பிக்கையோடு நான்காவது மூலையிலுள்ள அட்டையைப் புரட்டுவீர்கள். அது ஒரு பாவமும் அறியாத அட்டை. மூன்று பிழை நான்காகிவிட்டது, எல்லாக் கணக்கும் சரியாகிவிட்டது, கணினியோ ‘திருத்திவிட்டேன்’ என்கிறது. உண்மை என்ன என்று கணினிக்குத் தெரியாது. குறைந்த மாற்றத்தில் விதிக்குப் பொருந்தும் வடிவம் எது என்று மட்டுமே அதற்குத் தெரியும். இந்த ஒரு புரிதலோடு குழந்தை வெளியே போனாலும் நீங்கள் பாடம் நடத்திவிட்டீர்கள் என்பேன்.

பிறகு ஏன் இதை நம்புகிறோம்? ஒரு பிழையைவிட இரண்டு பிழைகள் ஒன்றாக வருவது அரிது என்பதால். பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்காகவே காட்டலாம். ஓர் அட்டை தானாகப் புரளும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், 36 அட்டைகளில் சரியாக ஒன்று புரள்வது ஏறத்தாழ 29 முறைக்கு ஒரு தடவை. சரியாக இரண்டு புரள்வது ஏறத்தாழ 1,640 முறைக்கு ஒரு தடவை. அட்டைக் கூட்டத்தைப் பெரிதாக்கினால் செலவு குறையும்: 25 அட்டைக்கு 11 கூடுதல், 100 அட்டைக்கு 21 மட்டுமே. ஆனால் கூட்டம் பெரிதாக ஆக, அதற்குள் இரண்டு பிழைகள் சேர்ந்து நிகழும் வாய்ப்பும் ஏறும். பொறியாளர்கள் நாள்தோறும் பார்க்கும் பேரம் இதுதான்.

இன்னொரு சோதனை, செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஓர் அட்டையைப் புரட்டுவதற்குப் பதிலாக அதன்மேல் ஒரு காகிதத்தை வைத்து மூடிவிடுங்கள். இப்போது அதன் நிறத்தைச் சொல்ல அந்த ஒரு வரிசையின் கணக்கு மட்டுமே போதும். இடம் தெரிந்துவிட்டால் வேலை பாதி குறைகிறது. இரண்டே நிறங்கள் உள்ள உலகில் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முழுப்பாடு. இடம் தெரிந்தபின் திருத்தம் என்பது புரட்டிவிடுவது மட்டுமே.

வீட்டுக்கு அனுப்பும் வேலைக்கு ஏதேனும் ஒரு புத்தகத்தின் பின்னட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டைக்கோட்டுக்கு மேல் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண், அதாவது அந்தப் புத்தகத்தின் அடையாள எண், இருக்கும். இடமிருந்து முதல் இலக்கத்தை 1-ஆல், அடுத்ததை 3-ஆல், மறுபடி 1-ஆல், 3-ஆல் என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் விடை எப்போதும் பூஜ்யத்தில் முடியும். 9781234567897 என்ற மாதிரி எண்ணில் செய்து பார்த்தால் 140 வரும். கடைசி இலக்கம் புத்தகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கூட்டுத்தொகையைப் பூஜ்யத்தில் முடிப்பதற்கென்றே அது உட்கார்ந்திருக்கிறது. பெருக்காமல் வெறுமனே கூட்டினால் என்ன குறை? மனிதர்கள் எண்ணைப் பார்த்து எழுதும்போது அடிக்கடி செய்யும் தவறுகளில் ஒன்று, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றிப் போடுவது. வெறும் கூட்டலுக்கு அது தெரியாது. 2-ஆல் பெருக்கினால்? 0 இருக்க வேண்டிய இடத்தில் 5 வந்தால் வித்தியாசம் சரியாக 10, பிழை நழுவிவிடும். 3-ஆல் பெருக்கும்போது ஒற்றை இலக்கத் தவறு எதுவும் தப்பாது. ஆனாலும் இதிலும் ஓர் ஓட்டை உண்டு: அருகருகே இருக்கும் 2-ம் 7-ம் இடம் மாறினால் கூட்டுத்தொகையில் 10 வித்தியாசம் வரும், பிழை பிடிபடாது. 1-ம் 6-ம் அப்படியே. எந்தெந்த ஜோடிகள் தப்பிக்கும் என்று பட்டியலிடச் சொன்னால் ஐந்து வித்தியாசம் என்ற விதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். 2007-க்கு முன்பு வழக்கிலிருந்த பத்து இலக்க எண்ணில் இந்த ஓட்டை இல்லை. அது, இலக்கங்களை வேறு வேறு எண்களால் பெருக்கிக் கூட்டிய தொகை 11-ஆல் வகுபட வேண்டும் என்ற விதியில் அமைந்தது. 11 பகா எண் என்பதால் இலக்க மாற்றமும் இட மாற்றமும் ஒன்றுகூடத் தப்பாது. விலை என்னவென்றால், சில சமயம் கடைசி இலக்கமாக 10 தேவைப்படும். அதற்கு ரோமானிய எண்ணைக் கடன் வாங்கி எக்ஸ் என்று போட்டார்கள். பழைய புத்தகங்களில் அந்த எக்ஸ் இருந்தால் குழந்தைகள் தேடிப் பிடித்துவிடுவார்கள். இந்தப் பாடத்திலேயே அவர்கள் பெற்றோரிடம் போய்க் காட்டுவது இதைத்தான்.

இனி ஹாமிங். ரிச்சர்ட் ஹாமிங் 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அவர் பயன்படுத்திய ரிலே கணினி (மின்காந்தச் சுவிட்சுகளால் இயங்கும் பழைய வகை) பிழை நேர்ந்தால் கண்டுபிடித்துவிடும். வேலை நாட்களில் விளக்கெரிந்து ஆள் வந்து சரிசெய்வார்கள். வார இறுதியில் ஆள் கிடையாது. பிழையைக் கண்டதும் இயந்திரம் அந்தக் கணக்கைக் கைவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஹாமிங்கின் கணக்கு அப்படியே கிடக்கும். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏன் தெரியக்கூடாது என்று எரிச்சலோடு யோசிக்கத் தொடங்கியவர், 1950-இல் அதற்கான வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். குழந்தைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும், எரிச்சலிலிருந்து கணிதம் பிறந்திருக்கிறது என்பதால்.

ஹாமிங்கின் முறையைப் பொய் பிடிக்கும் விளையாட்டாக நடத்துங்கள். குழந்தை 0 முதல் 15 வரை ஓர் எண்ணை மனத்தில் நினைத்துக்கொள்ளும். ஏழு சீட்டுகளைக் காட்டி, ஒவ்வொன்றிலும் அந்த எண் இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஏழு பதில்களில் ஒன்றில் பொய் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். எண் எது, எந்தச் சீட்டில் பொய் என்று இரண்டையும் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். சீட்டுகள் இவை:

முதல் சீட்டு: 8, 9, 10, 11, 12, 13, 14, 15
இரண்டாவது: 4, 5, 6, 7, 12, 13, 14, 15
மூன்றாவது: 2, 3, 6, 7, 10, 11, 14, 15
நான்காவது: 1, 3, 5, 7, 9, 11, 13, 15
ஐந்தாவது: 1, 3, 4, 6, 8, 10, 13, 15
ஆறாவது: 1, 2, 5, 6, 8, 11, 12, 15
ஏழாவது: 1, 2, 4, 7, 9, 10, 12, 15

உங்கள் கையில் ஒரு படம் இருக்க வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள்: மேல் வட்டம், இடது வட்டம், வலது வட்டம். மொத்தம் ஏழு கட்டங்கள் கிடைக்கும். மூன்று வட்டங்களுக்கும் பொதுவான நடுக் கட்டத்தில் 4 என்று எழுதுங்கள். மேல் வட்டமும் இடது வட்டமும் மட்டும் சந்திக்கும் கட்டத்தில் 1, மேல் வட்டமும் வலது வட்டமும் மட்டும் சந்திக்கும் கட்டத்தில் 2, இடதும் வலதும் மட்டும் சந்திக்கும் கட்டத்தில் 3. மேல் வட்டத்துக்கு மட்டுமே சொந்தமான கட்டத்தில் 5, இடது வட்டத்தில் 6, வலது வட்டத்தில் 7. ‘ஆம்’ என்ற பதில் வரும்போதெல்லாம் அந்தச் சீட்டின் எண்ணுள்ள கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் புள்ளிகள் இரட்டைப்படையில் இருந்தால் பொய்யே இல்லை. இல்லாவிட்டால், ஒற்றைப்படையான வட்டங்கள் எல்லாவற்றுக்குள்ளும் இருந்து, மற்ற வட்டங்களுக்கு வெளியே நிற்கும் கட்டம் எதுவோ அதுவே பொய் சொன்ன சீட்டு.

நினைத்த எண் 11 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பதில்கள்: ஆம், இல்லை, ஆம், ஆம், இல்லை, ஆம், இல்லை. மூன்றாவது சீட்டில் மட்டும் குழந்தை ‘இல்லை’ என்று பொய் சொல்கிறது. மேல் வட்டத்தில் 1, 4 ஆகிய இரண்டு புள்ளிகள், இரட்டைப்படை. இடது வட்டத்தில் 1, 4, 6 ஆகிய மூன்று, வலது வட்டத்தில் 4 மட்டும்; இரண்டும் ஒற்றைப்படை. இடதுக்கும் வலதுக்கும் மட்டும் பொதுவான கட்டம் 3. பொய் அங்கே. அந்தப் பதிலை மாற்றியபின், முதல் நான்கு சீட்டுகளில் ‘ஆம்’ வந்தவற்றின் முதல் எண்களைக் கூட்டுங்கள்: 8, 2, 1. விடை 11. முதல் நான்கு சீட்டுகளும் 8, 4, 2, 1 என்று தொடங்குவதை யாராவது கவனித்தால், இரும எண்கள் அழைக்காமலே வந்து சேர்ந்துவிட்டன.

இங்கே நிதானமாகக் காட்ட வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒற்றை அல்லது இரட்டை என்று இரண்டு நிலை. ஆக மொத்தம் எட்டு விதமான முடிவுகள். பொய் சொல்லக்கூடிய சீட்டுகள் ஏழு, பொய்யே இல்லாதது ஒன்று, அதுவும் எட்டு. ஒரு முடிவுகூட வீணாகவில்லை. இதைவிடச் சிக்கனமாகச் செய்ய இடமே இல்லை என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். நான்கு வட்டம் இருந்தால் பதினாறு முடிவுகள், பதினைந்து இடங்களைக் காக்கலாம். அதில் 4 காவலுக்கு, 11 உண்மையான தரவுக்கு. பலகையின் ஓரத்தில் எழுதி வைத்த கேள்விக்கு, மூன்று முறை அனுப்புவதைவிட மலிவான வழி உண்டா என்பதற்கு, இதுவே பதில்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். கீறல் என்பது ஒரு பிட்டை மட்டும் தின்பதில்லை, வரிசையாகப் பலவற்றைத் தின்றுவிடும். அதற்கு ஒரு தந்திரம்: வார்த்தைகளை வரிசை வரிசையாக எழுதி, நிரல் நிரலாக அனுப்புவது. தொடர்ந்து ஐந்து எழுத்து அழிந்தாலும், திரும்ப அடுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சேதம்தான் விழும், ஒற்றைச் சேதத்தைத் திருத்தத்தான் நமக்குத் தெரியுமே. குறுவட்டுகளில் இந்தக் கலைத்து அடுக்கும் முறையோடு, இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் 1960-இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீடும் சேர்ந்து வேலை செய்கிறது. தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சேதம் இருந்தாலும் பாட்டில் ஒரு சுரமும் தவறாது.

அதே ரீட்–சாலமன் குறியீடு, 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் உருவான க்யூஆர் குறியீட்டிலும் இருக்கிறது. அதில் நான்கு பாதுகாப்பு நிலைகள் உண்டு. மிகக் குறைந்த நிலையில் சுமார் 7 சதவீதம், மிக உயர்ந்த நிலையில் சுமார் 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். குழந்தைகள் ஒரு குறியீட்டை அச்சிட்டுக் காகிதத் துண்டுகளால் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போகட்டும், எந்த இடத்தில் போன் கைவிரிக்கிறது என்று பார்க்கட்டும். மூலைகளிலுள்ள மூன்று பெரிய சதுரங்களை மட்டும் மூட வேண்டாம். அவை குறியீடு எங்கே இருக்கிறது என்று கேமராவுக்குக் காட்டுபவை. பிழைதிருத்தத்தின் காவல் அவற்றுக்குக் கிடையாது.

‘பிழை என்று தெரிந்தால் மறுபடி அனுப்பச் சொன்னால் போதுமே, எதற்கு இவ்வளவு பாடு?’ என்று கேட்கும் குழந்தை இருந்தால் அதைப் பாராட்டுங்கள். இணையத்தில் பெரும்பாலும் நடப்பது அதுதான். துண்டு துண்டாக வரும் தரவில் சரிபார்ப்பு எண் ஒத்துவராத துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் 1986-இல் யுரேனஸைக் கடந்த வாயேஜர் 2 விண்கலத்திடமிருந்து செய்தி பூமிக்கு வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ‘சரியாகக் கேட்கவில்லை’ என்று சொல்ல இன்னொரு இரண்டரை மணி நேரம். அதற்குள் விண்கலம் அடுத்த காட்சிக்குப் போய்விட்டிருக்கும். வட்டில் எழுதிய தரவுக்கும் இதே நிலைதான். எழுதியவர் இப்போது இல்லை, யாரிடம் திரும்பக் கேட்பது?

இன்னொரு கேள்வியும் வரும்: யாராவது வேண்டுமென்றே மாற்றினால்? இந்த முறைகள் அதைத் தடுக்காது. வித்தை தெரிந்த பிள்ளை ஓர் அட்டையைப் புரட்டிவிட்டு, கணக்குக்குப் பொருந்தும்படி இன்னும் மூன்று அட்டைகளையும் புரட்டிவிடலாம். அதற்கு இரகசியச் சாவி வேண்டும். அது வேறு பாடம், அங்கே இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு முடிவாக ஒரு வேலை கொடுக்கலாம். பொய் விளையாட்டில் இரண்டு பொய் சொன்னால் வட்டங்கள் ஒன்றும் அறியாத மூன்றாவது சீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் அதைச் செய்து பார்த்து ஏமாறட்டும். பிறகு எட்டாவது சீட்டு ஒன்றைத் தயாரிக்கச் சொல்லுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: எந்த எண்ணை நினைத்தாலும், பொய்யே இல்லாதபோது எட்டுச் சீட்டுகளிலும் சேர்த்து ‘ஆம்’கள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்து அவர்கள் கண்டடைய வேண்டிய பட்டியல் 2, 3, 4, 5, 8, 9, 14, 15. இதன்பின் மொத்தம் ஒற்றைப்படையானால் ஒரு பொய், முன்போலத் திருத்தலாம். மொத்தம் இரட்டைப்படையாக இருந்தும் வட்டங்கள் தவறினால் இரண்டு பொய். ‘யார் என்று தெரியாது, ஆனால் ஏமாறமாட்டேன்’ என்று ஆட்டத்தை நிறுத்திவிடலாம். சர்வர் கணினிகளின் நினைவகம் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதுதான்: 64 பிட் தரவுக்கு வட்டங்களைப்போல ஏழு சரிபார்ப்பு பிட்கள், எட்டாவது சீட்டைப்போல இன்னொன்று, ஆக 72. ஒரு பிட் புரண்டால் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும். இரண்டு புரண்டால் திருத்த முயலாமல் பிழை என்று அறிவித்துவிடும்.